பூட்டிய கேட்டுக்குப் பின்னால் யாரும் இல்லையா?

மூடிய ஆலை, கைவிட்ட சூளை, தடை போட்ட குகை... த்ரில் தேடிப் போகிறவர்களும், அவர்களுக்காகக் கயிறு கட்டி இறங்குகிறவர்களும்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு டீக்கடை. இரண்டு பைக், நான்கு பேர். டீ குடித்தாயிற்று. புதுப்படம் எதுவும் வரவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊட்டிக்குப் போகிற கார்கள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருக்கின்றன. அப்போது ஒருவன் போனை நீட்டுகிறான். பாழடைந்த கட்டடம் ஒன்றுக்குள் யாரோ டார்ச் அடித்துக்கொண்டு நடக்கும் ரீல்.

“இந்த மாதிரி எடம் நம்மூர்ப் பக்கமே இருக்குதுடா.”

“உள்ள உடுவாங்களா?”

“கேக்கறதுக்கு எவன்டா இருக்கான் அங்க?”

இது ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த சம்பவம் அல்ல. எந்த ஊரிலும், எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்கக்கூடியது. அந்த நால்வரில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம். இருபது, முப்பது வருடங்களுக்கு முன்னால் அது நீங்களாகவே இருந்திருக்கலாம். அப்போது போன் இல்லை, ரீல் இல்லை. ஆனால் சுவர் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற ஆசையும் இருந்தது.

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நிஜமாகவே யாரும் இல்லையா?

ஆஸ்பத்திரியில் தொடங்கிய பழக்கம்

கைவிடப்பட்ட கட்டடங்கள், சுரங்கப் பாதைகள், மழைநீர் வடிகால்கள், பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத மாடிகள் என்று தேடித் தேடிப் போய்ப் பார்ப்பதற்கு மேல்நாட்டில் ‘அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன்’ என்று பெயர். சுருக்கமாக ‘அர்பெக்ஸ்’. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1986-லேயே வடிகால்களுக்குள் இறங்கிப் பார்ப்பதற்கென ‘கேவ் கிளான்’ என்று ஒரு குழு தொடங்கிவிட்டது.

இந்த உலகில் பலரும் குருவாக நினைக்கும் பெயர் ஜெஃப் சாப்மேன். கனடாவின் டொரோண்டோ நகரத்துக்காரர். சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் படுத்திருந்தவர், பொழுது போகாமல் அந்தக் கட்டடத்தின் மூலை முடுக்குகளைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். 1996-ல் இதற்கென்றே ‘இன்ஃபில்ட்ரேஷன்’ என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கி, ‘நிஞ்ஜாலிஷியஸ்’ என்ற புனைபெயரில் எழுதினார். 2005-ல், 31 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார்.

அவர் விட்டுப்போன விஷயங்களில் முக்கியமானது ஒழுங்கு. எதையும் உடைக்காதே, எதையும் எடுக்காதே, சுவரில் பெயர் கிறுக்காதே என்பதில் அவர் கறாராக இருந்தார். இன்று அவர் பாணியைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் பல வீடியோக்களில் பூட்டை உடைப்பதுதான் முதல் காட்சியே.

ஆபத்தும் இந்தப் பழக்கத்தைவிட மூத்தது. பாரிஸ் நகரத்துக்கு அடியில் பழைய கல்குவாரிச் சுரங்கங்கள் சுமார் 300 கிலோமீட்டருக்கு நீள்கின்றன. 1793-ல் பிலிபேர் ஆஸ்பேர் என்ற ஆஸ்பத்திரிக் காவலாளி தனியாக உள்ளே போனார். அவருடைய உடல் 11 வருடம் கழித்து, 1804-ல்தான் கிடைத்தது. வெளியேறும் வழி ஒன்றுக்குப் பக்கத்திலேயே கிடந்தது என்று சொல்வார்கள். 1955-லிருந்து அந்தச் சுரங்கங்களுக்குள் அனுமதியில்லாமல் நுழையத் தடை இருக்கிறது. ரோந்து போகத் தனிப் போலீஸே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆட்கள் போவது நிற்கவில்லை.

நண்பன் பார்த்தால் தைரியம் வரும்

தடுத்தால் போகத்தான் தோன்றும் என்பது தெரிந்த கதை. தனியாக இருக்கும்போது இறங்கத் தயங்குகிற அதே பையன், நாலு பேர் சேர்ந்தால் முதல் ஆளாகக் குதிப்பது ஏன்?

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பர்க் ஆகிய இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 300-க்கும் மேற்பட்டவர்களை கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். 13 முதல் 16 வயது வரை ஒரு பிரிவு, 18 முதல் 22 வரை ஒரு பிரிவு, 24 வயதைத் தாண்டியவர்கள் ஒரு பிரிவு. சிலரைத் தனியாக ஆட வைத்தார்கள், சிலரை அதே வயதுக்காரர்கள் சூழ்ந்து நிற்க ஆட வைத்தார்கள்.

தனியாக ஆடியபோது வயதுக்கு வயது பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் கூட்டாளிகள் இருந்தபோதுதான் கதை மாறியது. சின்ன வயதுக்காரர்கள் மஞ்சள் விளக்கைத் தாண்டி ஓட்டினார்கள், மோதினார்கள். கல்லூரி வயதுக்காரர்களிடமும் அது தெரிந்தது. பெரியவர்களிடம் கூட்டாளிகளால் பெரிய மாற்றம் இல்லை.

அந்த ஆய்வில் சூழ்ந்து நின்றது இரண்டு பேர்தான். இன்றைக்கு ஒரு பையனின் போனுக்குள் எத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ‘வெறித்தனம் ப்ரோ’ என்று ஒரு கமென்ட் வந்துவிட்டால், அடுத்த வாரம் இன்னும் ஒரு மாடி மேலே ஏறியாக வேண்டும்.

2017 நவம்பரில் சீனாவின் சாங்ஷா நகரில் இறந்த வூ யோங்னிங்கின் கதை அதுதான். உயரமான கட்டடங்களின் விளிம்பில் தொங்கி வீடியோ போட்டுப் பிரபலமானவர். 26 வயது. 62 மாடிக் கட்டடம் ஒன்றில் எடுத்த கடைசி வீடியோவில் கை நழுவியது. அவர் வைத்திருந்த கேமராவே அதையும் பதிவு செய்தது.

சங்கு நின்ற ஆலைகள்

கோவையில் இப்படி ஆசை காட்டும் இடங்களுக்குக் குறைவில்லை. மில் ஊர் ஆயிற்றே!

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலைதான் இந்த ஊரின் பஞ்சாலைக் கதைக்குத் தொடக்கம். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மில் சங்கைக் கேட்டுத்தான் பல வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பினார்கள். 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், பெரியநாயக்கன்பாளையத்தை நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்துகொடுக்கும் ஊராக ஆக்கியது.

அந்த ஆலைகளில் பல இன்று ஓடவில்லை. சிலவற்றின் இடத்தில் குடியிருப்புகள் வந்துவிட்டன. சில அப்படியே நிற்கின்றன. மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகத்துக்குக் கோவையில் ஸ்டேன்ஸ் மில், பங்கஜா மில், முருகன் மில், கம்போடியா மில், ரங்கவிலாஸ் மில் என ஐந்து ஆலைகள். 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின்போது அவை நின்றன. நிலுவைச் சம்பளத்தைக் கொடுங்கள், ஆலையைத் திறங்கள் என்று கேட்டு அவற்றின் தொழிலாளர்கள் பலமுறை தெருவில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள்.

அந்தத் தொழிலாளிகள் கண்ணில் அது ‘பாழடைந்த இடம்’ இல்லை. வேலை நின்றுபோன இடம். பதிலியாகச் சேர்ந்து, நிரந்தரமாகி, அந்தச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம். அங்கே ‘பேய் நடமாட்டம்’ என்று பின்னணி இசையோடு வீடியோ போட்டால், அவருடைய முப்பது வருட வாழ்க்கையைப் பேய்க்கதை ஆக்குகிறோம் என்று அர்த்தம்.

உணர்வு ஒருபக்கம் இருக்கட்டும். கட்டடமாகப் பார்த்தாலும் ஆலை சாதாரண இடமல்ல. பழைய மில்களின் கூரை ரம்பத்தின் பல் போல ஏறி ஏறி இறங்கும். நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் வருவதற்காக, கண்ணாடியை வடக்குப் பார்த்து வைத்திருப்பார்கள். பராமரிப்பு நின்றால் அந்தக் கண்ணாடிதான் முதலில் பெயர்ந்து விழும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால், பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும். கால் வைத்தால் அப்பளம் போல நொறுங்கும்.

தரையும் நம்பக்கூடியதில்லை. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஸ்பின்னிங் ஹாலில் ஈரப்பதம் வேண்டும். அதற்காக ஈரக்காற்றை உள்ளே அனுப்பி, திரும்ப இழுத்துக்கொள்ளத் தரைக்கு அடியில் ஆள் இறங்கும் அளவுக்குப் பள்ளங்கள் ஓடும். மேலே கிராதியோ பலகையோ போட்டு மூடியிருப்பார்கள். இரும்பைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய், பலகையைக் கரையான் தின்றிருந்தால், டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பள்ளமும் தரை மாதிரியேதான் தெரியும். இவை போதாதென்று தண்ணீர்த் தொட்டிகள், கிணறு, யாரும் துண்டிக்காமல் விட்ட மின்கம்பி, புற்று, தேன்கூடு!

தடாகம் பள்ளத்தாக்கில் காத்திருப்பது யார்?

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து துடியலூர் வந்து மேற்கே திரும்பினால் பன்னிமடை, அதைத் தாண்டித் தடாகம் பள்ளத்தாக்கு. சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஐந்து ஊராட்சிகளில் செங்கல் சூளைகள் நெருக்கி நெருக்கி இருந்தன. உரிய அனுமதி இல்லாமல் செம்மண் எடுத்ததாக எழுந்த புகார், நீதிமன்றம் வரை போனது. 2021 மார்ச்சில் 180-க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன.

மலை அடிவாரம், செம்மண் பள்ளம், வானத்தைக் குத்தும் புகைக்கூண்டு. கேமராவுக்கு இதைவிட அழகான இடம் கிடைக்காது. அதுதான் சிக்கல். சூளைச் சுவர் வீட்டுச் சுவர் மாதிரி கட்டியது கிடையாது. ஆண்டு முழுக்க நெருப்பில் வெந்து, பிறகு கவனிப்பாரில்லாமல் மழையில் ஊறி, உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கும். செம்மண் வெட்டிய பள்ளங்களின் கரை நேர்குத்தாக நிற்கும். மழைக்காலத்தில் அதன் விளிம்பில் நின்று போட்டோ எடுப்பது, உளுத்த கிளையின் நுனியில் உட்காருவதற்குச் சமம். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஆழம் எவ்வளவு என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போய் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிக் கோடை விடுமுறைதோறும் செய்தி வருகிறதே, அவர்களும் ‘முழங்கால் அளவுதான்’ என்று நினைத்து இறங்கியவர்கள்தான்.

இன்னொருவரும் அங்கே இருக்கிறார். யானை.

பெரியநாயக்கன்பாளையம் கோவை வனக்கோட்டத்தின் ஒரு வனச்சரகம். குருடிமலை, பாலமலை, தடாகம், ஆனைகட்டி எல்லாம் யானைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பாதை. சூளைகள் ஓடிய காலத்தில் எரிப்பதற்காகக் குவித்து வைத்த பனை மரங்களைத் தின்னவே யானைகள் இறங்கி வந்தன. சின்னத்தம்பியை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 ஜனவரியில் தடாகம் பகுதியில் பிடித்து, ஆனைமலைக் காட்டில் வரகளியாறு பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாள்களிலேயே காட்டைவிட்டு வெளியே வந்து, உடுமலைப்பேட்டை கரும்புத் தோட்டங்கள் வரை நடந்து வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள்.

பழகிய இடத்தை யானை அவ்வளவு எளிதில் விடாது. மாலை மங்கியபிறகு ஆள் நடமாட்டம் இல்லாத சூளைக்குள் போனால், நீங்கள் தேடிப் போன ‘யாருமில்லாத இடத்தில்’ நாலு டன் எடையில் ஒருவர் நிற்கலாம். காட்டு யானை ஓடினால் மனிதனால் முந்த முடியாது. இருட்டில், பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவில், சொல்லவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

விழுகிற ஆபத்தாவது கண்ணுக்குத் தெரியும். காற்று தெரியாது.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம். பாழுங்கிணறு, மூடிய தொட்டி, சுரங்கம், பழைய சாக்கடை போன்ற காற்றோட்டம் இல்லாத இடங்களில் துருப்பிடிக்கும் இரும்பும் மக்கும் குப்பையும் சேர்ந்தே அதைக் குடித்துவிடும். 16 சதவிகிதத்துக்குக் கீழே போனால் புத்தி தடுமாறும். 10-க்குக் கீழே போனால் மயக்கம். அந்தத் தடுமாற்றத்தில், ஆபத்தில் இருக்கிறோம் என்பதே மூளைக்கு உறைக்காது. சாக்கடை வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். அழுகிய முட்டை வாசம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசமே தெரியாது. ‘நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்’ என்று தோன்றுகிற அந்த நொடிதான் மிக ஆபத்தானது.

தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த இடம், கர்நாடகாவின் கோலார் தங்கவயல். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை தோண்டப்பட்ட சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. 2020 மே மாதம் அங்கே கைவிட்ட சுரங்கம் ஒன்றுக்குள் திருட்டுத்தனமாக இறங்கியவர்களில் மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அவர்கள் த்ரில்லுக்காக இறங்கியவர்கள் அல்ல. ஆனால் காற்றுக்கு நோக்கம் தெரியாது.

ஊரில் கிணறு தூர் வாருகிறவர்கள் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் இறங்க மாட்டார்கள். விளக்கு எரிந்தாலும் விஷவாயு இல்லை என்று ஆகாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே வினையாகிவிடும். இருந்தாலும், இறங்குமுன் சந்தேகப்பட வேண்டும் என்ற அந்தப் பழக்கம், ‘வாடா, ஒண்ணும் ஆகாது’ என்பதைவிட எவ்வளவோ மேல்.

கயிறு கட்டி இறங்கியவர்கள்

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் பார்க்காதவர்கள் குறைவு. 2024 பிப்ரவரியில் வந்த அந்தப் படத்தின் கதை நிஜம். 2006-ல் கேரளாவின் எர்ணாகுளம் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து நண்பர்கள் கூட்டம் ஒன்று கொடைக்கானல் வந்தது. ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பெயர் பெற்று, 1991-ல் வந்த ‘குணா’ படத்துக்குப் பிறகு குணா குகை ஆகிவிட்ட இடம். தடுப்பைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் ஆழமான பிளவுக்குள் விழுந்தார். அதற்கு முன்னால் விழுந்தவர்கள் யாரும் உயிரோடு வந்ததில்லை என்று சொல்லப்பட்ட இடம் அது. சிஜு டேவிட் என்ற நண்பர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, மேலே கொண்டுவந்தார். அவருக்கு மத்திய அரசின் ஜீவன் ரக்‌ஷா விருது கிடைத்தது.

படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் லட்சக்கணக்கில். படம் சொன்ன பாடம் ‘அங்கே இறங்காதே’ என்பதுதான். ஆனால் படம் வெளியான சில வாரங்களிலேயே அதே தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போன இளைஞர்கள் மூன்று பேரை வனத்துறை கைது செய்தது.

கோவைக்கு இன்னும் பக்கத்திலும் ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் கோவைக்காரர்கள் குடும்பத்தோடு போகும் மலம்புழா. 2022 பிப்ரவரி 7-ம் தேதி அங்குள்ள குறும்பாச்சி மலையில் நண்பர்களோடு ஏறிய 23 வயது இளைஞர், சறுக்கி விழுந்து செங்குத்துப் பாறையின் இடுக்கில் சிக்கினார். சோறு, தண்ணீர் இல்லாமல் சுமார் 45 மணி நேரம். ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவம் வந்தது. வெலிங்டனிலிருந்து போன வீரர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 9-ம் தேதி காலையில் ஒரு வீரர் கயிற்றில் இறங்கி அவரைத் தன்னோடு கட்டிக்கொண்டு மேலே ஏறினார். அந்த ஈரம் காயுமுன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரவு அதே மலையில் மறுபடியும் வெளிச்சம் தெரிந்தது. வனத்துறை இன்னொருவரைத் தேடி இறக்கிக்கொண்டு வந்தது.

இரண்டு சம்பவத்திலும் உள்ளே போனவர் பிழைத்தார். அதனால் அவை கொண்டாட்டமாக முடிந்தன. கயிற்றின் மறுமுனையில் இறங்கியவருக்கும் வீட்டில் அம்மா, மனைவி, பிள்ளை உண்டு. போகிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக நினைத்துக்கொள்கிறார். தேடி வருகிறவரின் உயிரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

‘போட்டோ எடுக்கத்தானே போனோம்’ என்று சொல்வது எப்போதும் கைகொடுக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவுதான் இப்போது அத்துமீறி நுழைவதைப் பற்றிச் சொல்கிறது. குற்றம் செய்யவோ, இடத்துக்கு உரியவரை மிரட்டவோ, தொல்லை செய்யவோ நுழைந்ததாக நிரூபணமானால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு அல்லது பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள் அப்படி நுழைந்தால் சிறை ஒரு வருடம் வரை போகலாம். பூட்டை உடைத்தாலோ, ஒரு துண்டு இரும்பைக் கையில் எடுத்தாலோ, அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

ரயில்வே இடத்துக்குள் அத்துமீறினால் ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு. 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் போனால் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பாயும். உங்களுக்கு எதிரான முதல் சாட்சி நீங்களே போட்ட ரீல்தான். நாள், நேரம், இடம், முகம் எல்லாம் அதில் இருக்கும்.

அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு உண்டு என்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் அந்த நேரத்தில் யோசிப்பதில்லை. ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கப் போவது அப்பா அம்மாதான்.

ஆசை தப்பில்லை. வழி இருக்கிறது!

பழைய இடத்தைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஒரு ஊரின் வரலாறு முக்கால்வாசி அப்படித்தான் காப்பாற்றப்படுகிறது. கேட்டைத் தாண்டுவதற்குப் பதில், கேட்டைத் தட்டினால் போதும்.

* கேளுங்கள்: ஒவ்வொரு மூடிய இடத்துக்கும் ஓர் உரிமையாளரோ, நிர்வாகமோ, காவலாளியோ உண்டு. கல்லூரி வழியாகவோ, போட்டோகிராபி குழுவாகவோ கடிதம் எழுதிக் கேட்டால் சில இடங்களில் கதவு திறக்கும். மறுத்துவிட்டால், காரணம் இல்லாமல் மறுத்திருக்க மாட்டார்கள்.

* காடு பார்க்கணுமா? காரமடை வழியாகப் போனால் வரும் பரளிக்காட்டில் வனத்துறை, பழங்குடி மக்களோடு சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போனால் பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் பயணமும், மலை மக்கள் கைச்சமையலும் கிடைக்கும்.

* பழசு பார்க்கணுமா? 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் கோவையிலேயே இருக்கிறது. எத்தனை கோவைக்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள்? போகுமுன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

* யாராவது விழுந்துவிட்டால்: கிணறோ தொட்டியோ பள்ளமோ, உடனே பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மயங்குவதுதான் இப்படிப்பட்ட விபத்துகளில் அடிக்கடி நடக்கிறது. தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. திட்டு விழுமே என்று பயந்து போன் செய்யாமல் இருப்பதுதான் உயிரைக் கொல்லும்.

* பெற்றோருக்கு: ‘போகாதே’ என்ற ஒற்றை வார்த்தை வேலைக்கு ஆகாது. ‘எங்க போற, யாரோட போற, எத்தன மணிக்கு வருவ’ என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்கிற அளவுக்கு வீட்டில் பேச்சு இருக்க வேண்டும். தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டால் முதல் போன் வீட்டுக்கு வரும் என்ற நம்பிக்கையும் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

அப்பாருவிடம் ஒரு டூர்

டீக்கடை நால்வருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பைக் தேவையில்லை, டார்ச்சும் தேவையில்லை.

பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், பீளமேடு, சிங்காநல்லூர் பக்கத்தில் மில் வேலைக்குப் போன தாத்தாவோ பாட்டியோ இல்லாத தெரு குறைவு. அப்பாருவோ, அப்புச்சியோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ, ஒருவரைப் பிடித்து உட்கார வையுங்கள். போனில் ரெக்கார்டிங்கைப் போடுங்கள். கேட்டில் நுழைந்தால் இடது பக்கம் என்ன, வலது பக்கம் என்ன என்று கேளுங்கள். புளோ ரூமில் பஞ்சு எப்படிப் பறக்கும், கார்டிங்கில் சத்தம் எப்படி இருக்கும், நைட் ஷிப்டில் தூக்கம் வந்தால் என்ன செய்வார்கள், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள், கடைசி நாள் சங்கு ஊதியபோது யார் யார் அழுதார்கள்... கேளுங்கள்.

எந்தச் சுவரேறிக் குதித்தாலும் கிடைக்காத காட்சிகள் அவை. உள்ளே இப்போது இருப்பது வெறும் சுவரும் தூசியும்தான். அந்த இடம் எப்படி உயிரோடு இருந்தது என்பது, வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அவருக்குத்தான் தெரியும். அவருக்கும் வயதாகிறது. அந்தக் கதவு ஒருநாள் மூடிக்கொண்டால், எந்தச் சாவி போட்டும் திறக்க முடியாது.

கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். கேட்கத்தான் நமக்கு நேரமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறீர்கள்?